பாதியில் நின்ற சர்க்கரை

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது அமெரிக்க இலக்கியம் எங்களுக்கு ஒரு தாள். அதில் கேட் ஷோப்பான் எழுதிய ‘தி ஸ்டோரி ஆஃப் ஆன் அவர்’ கதைக்கு நான் செமினார் எடுக்க வேண்டி வந்தது. ரொம்பச் சின்னக் கதை, ஆங்கிலத்தில் ஆயிரம் சொற்களை ஒட்டித்தான் வரும். இதய நோய் உள்ள மிஸஸ் மல்லார்டிடம், கணவன் ரயில் விபத்தில் இறந்துவிட்டான் என்று பக்குவமாகச் சொல்கிறார்கள். சகோதரி தோளில் சாய்ந்து அழுதுவிட்டு, தனியாக மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கையில், இனி வரும் வருடங்கள் எல்லாம் தனக்கே தனக்கு என்ற நினைப்பு மெல்ல அவளுக்குள் ஏறுகிறது. கீழே இறங்கி வரும்போது வாசல் கதவைத் திறந்துகொண்டு கணவன் உயிரோடு வருகிறான். அவள் இறந்துபோகிறாள். சந்தோஷ அதிர்ச்சி என்கிறார்கள் டாக்டர்கள்.

கடையில் வாங்கின கைடு ஒன்றை வைத்துத்தான் தயார் செய்திருந்தேன். ஜன்னல் சுதந்திரத்தின் குறியீடு, இதயம் அன்பின் குறியீடு, கணவன் ஆணாதிக்கத்தின் குறியீடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். சார் கடைசிவரை குறுக்கிடவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த ஜன்னலை யார் திறந்தாங்க?”

“அவதான் சார்.”

“எந்த வரியிலம்மா?”

புத்தகத்தைப் புரட்டினேன். வகுப்பே காத்திருந்தது. அப்படி ஒரு வரி கிடைக்கவில்லை. “சரி, உட்காரு. நாளைக்குச் சொல்லு” என்றார்.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் அந்தக் கதையை எழுத்துக்கூட்டுகிற மாதிரி படித்தேன். ஜன்னலை யாருமே திறக்கவில்லை. அவள் அறைக்குள் நுழையும்போதே அது திறந்து கிடக்கிறது. அதைப் பார்த்தபடி அகலமான, வசதியான ஒரு நாற்காலி. களைத்துப்போய் அதில் விழுகிறாள், அவ்வளவுதான். வெளியே வசந்தத்தில் துளிர்த்த மர உச்சிகள், மழை வாசனை, தெருவில் கூவி விற்கிறவன் குரல், தூரத்தில் யாரோ பாடுகிற பாட்டு, குருவிகள். சாவுச் செய்தி வந்த வீட்டுக்கு எதிரிலேயே இத்தனையும் நடக்கிறது. நாற்காலி நேற்றும் அங்கேதான் இருந்திருக்கும், ஜன்னலும் அப்படித்தான். அவள் வந்து உட்கார ஒரு மரணச் செய்தி தேவைப்பட்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட பரபரப்பை இன்னும் மறக்க முடியவில்லை. ஜன்னல் என்றால் சுதந்திரம் என்று கைடு சொன்னது தப்பில்லை. ஆனால் அது ஸ்டெப்ஸ் எழுதாமல் விடையை மட்டும் எழுதின கணக்கு. விடை சரியாக இருக்கலாம், போட்டவளுக்குக் கணக்கு தெரியாது.

அதே ராத்திரி இன்னொன்றும் கண்ணில் பட்டது. கதை அவளை மிஸஸ் மல்லார்ட் என்றுதான் தொடங்கி வைக்கிறது. அறைக்குள் போனபின் வெறும் ‘அவள்’. மனசு விடுதலையான பிறகு, கதவுக்கு வெளியே நின்று சகோதரி கூப்பிடும்போதுதான் லூயிஸ் என்ற அவளுடைய சொந்தப் பெயர் முதல் தடவையாக வருகிறது. அன்றிலிருந்து எந்தக் கதையை எடுத்தாலும், ஒரு பாத்திரத்தை யார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அந்தப் பெயர் எங்கே மாறுகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொள்கிறேன். பாத்திரத்தின் குணம் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டியதைச் சில நேரம் அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

கணவன் கொடுமைக்காரன் என்று கைடில் இருந்ததுதான் உண்மையிலேயே தப்பு. பிரென்ட்லி மல்லார்ட் அவளை அன்பில்லாமல் பார்த்ததே இல்லை என்று கதை தெளிவாகச் சொல்கிறது. அவளும் அவனைச் சில சமயம் நேசித்திருக்கிறாள். அவனுடைய மென்மையான கைகள் மார்பில் மடித்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால் மறுபடி அழுவோம் என்று அவளுக்கே தெரிகிறது. கதையின் முரணே இங்கேதான் இருக்கிறது. கெட்டவனிடமிருந்து தப்பித்தால் யாருக்கும் சந்தோஷம்தான், அதில் எழுத என்ன இருக்கிறது? நல்லவன் ஒருவன் இறந்ததில் அவளுக்கு மூச்சு வருகிறது என்பதுதான் நம்மை உலுக்குகிறது. முரண் என்றவுடன் ஒரு வில்லனைத் தேடுகிற பழக்கத்திலிருந்து இந்தக் கதைதான் என்னை விடுவித்தது. 1894 டிசம்பரில் ‘வோக்’ பத்திரிகையில் வந்தபோது இதற்கு ‘ஒரு மணி நேரக் கனவு’ என்று பொருள்படும் தலைப்பு இருந்தது. ‘கனவு’ என்ற சொல்லை மனதில் வைத்துக் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள், வலி கூடும்.

பிறகு வந்த விடுமுறையில் பாளையங்கோட்டை வீட்டுக்குப் போயிருந்தபோது சூசன் கிளாஸ்பெல்லின் ‘எ ஜூரி ஆஃப் ஹெர் பியர்ஸ்’ கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். 1917-இல் வந்த கதை. அதற்கு முந்தின வருடம் இதே விஷயத்தை அவர் ‘டிரைஃபிள்ஸ்’ என்று ஓரங்க நாடகமாக எழுதியிருந்தார். ஜான் ரைட் என்ற விவசாயி தூக்கத்தில் கயிற்றால் கழுத்து இறுக்கிக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். மனைவி மின்னி சிறையில். ஷெரிஃபும் அரசு வக்கீலும் பக்கத்துப் பண்ணைக்காரர் ஹேலும் தடயம் தேடி வீட்டுக்கு வருகிறார்கள். கூடவே ஷெரிஃபின் மனைவி மிஸஸ் பீட்டர்ஸ், ஹேலின் மனைவி மார்த்தா. ஆண்கள் அடுப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இங்கே சட்டிபானையைத் தவிர ஒன்றுமில்லை என்று மாடிக்கும் தொழுவத்துக்கும் போய்விடுகிறார்கள். பெண்கள் இருவரும் அடுப்படியிலேயே இருக்கிறார்கள்.

அம்மா முற்றத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் படிக்கப் படிக்கக் கதையை அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் மார்த்தா ஒரு மர வாளியைப் பார்க்கிறாள். சர்க்கரை வாளி. மூடி திறந்திருக்கிறது. பக்கத்தில் காகிதப் பையில் பாதிச் சர்க்கரை. நான் அந்த வரியைச் சொன்னதும் அம்மாவின் கையில் முறம் நின்றது.

“மூடாமலா போட்டிருக்கா?”

“ஆமா.”

“சர்க்கரையைப் பாதி கொட்டிட்டு மூடாம ஒருத்தி எந்திரிச்சுப் போயிருக்கான்னா, அவளா போகல. ஏதோ ஒண்ணு அவள எழுப்பிருக்கு.”

மார்த்தா நினைப்பதும் அச்சு அசல் அதுதான். கதையின் தொடக்கத்திலேயே மார்த்தா தன் வீட்டில் ரொட்டிக்கு மாவு சலித்துக்கொண்டிருக்கிறாள். பாதி சலித்தது, பாதி சலிக்காதது என்று அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பும்படி ஆகிறது. அரைகுறையாக விட்ட வேலை அவளுக்கு உறுத்துகிறது. அந்த உறுத்தலோடு வந்தவள் கண்ணுக்குத்தான் இன்னொருத்தி வீட்டுச் சர்க்கரை தெரிகிறது. மேஜையும் அப்படித்தான், ஒரு பாதி துடைத்தது, மறுபாதி அழுக்கு.

அம்மா ‘குறியீடு’ என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டாள். சர்க்கரையைச் சர்க்கரையாகத்தான் பார்த்தாள். யார் கை பட்டது, எந்த இடத்தில் கை நின்றது என்று பார்த்தாள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் நான் வாங்கிய புத்தகங்களும் செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்தது. பொருளைத் தாண்டிப் போய் அர்த்தம் தேடுவதே இலக்கியம் படிப்பது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பொருளிடம் போதுமான நேரம் நின்றாலே அர்த்தம் அங்கே இருப்பது தெரிகிறது.

அதற்கப்புறம் அந்த அடுப்படி முழுக்கப் பேச ஆரம்பித்தது. துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு மின்னி தைத்துக்கொண்டிருந்த போர்வையில் எல்லாக் கட்டமும் சீராக இருக்கின்றன, ஒன்றில் மட்டும் தையல் தாறுமாறாக ஓடுகிறது. மார்த்தா சத்தமில்லாமல் அந்தத் தையலைப் பிரித்துத் திருத்தித் தைக்கத் தொடங்குகிறாள். கதையின் மிகப்பெரிய திருப்பம் என்று நான் இதைத்தான் சொல்வேன். ஒரு வார்த்தை விவாதம் இல்லை. அவள் யார் பக்கம் என்பது ஊசி நகரும்போதே தீர்மானமாகிவிடுகிறது. பாத்திரத்தின் மாற்றத்தை வசனத்தில் தேடிக்கொண்டிருந்தால் இதைத் தவறவிட்டுவிடுவோம். நானும் முதல் வாசிப்பில் தவறவிட்டேன்.

கீல் பிய்ந்த ஒரு பறவைக் கூண்டு கிடைக்கிறது. பிறகு தையல் கூடையில் அழகான ஒரு பெட்டி, அதற்குள் பட்டுத்துணியில் சுற்றிய கேனரிக் குருவி, கழுத்து திருகப்பட்டு. கல்யாணத்துக்கு முன் மின்னி தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவள் என்று மார்த்தா முன்பே சொல்லியிருக்கிறாள். பறவை மின்னியின் குறியீடு என்று எல்லாரும் எழுதுவார்கள், நானும் எழுதினேன். எழுதுவதற்கு முன் வரிசையைப் பாருங்கள். அவள் பாட்டை நிறுத்தியவன் அவன். குழந்தை இல்லாத, சத்தமே இல்லாத வீட்டில் பாடுவதற்கு ஒரு குருவி வந்தது. அதன் கழுத்தையும் அவன் திருகினான். பின் அவன் கழுத்தில் கயிறு. வீட்டில் துப்பாக்கி இருந்தும் ஏன் கயிறு என்று ஹேலுக்குப் புரியவில்லை. பறவையைப் பார்த்த பெண்களுக்குப் புரிந்துவிட்டது.

இந்தக் கதைக்குப் பின்னால் நிஜமான ஒரு வழக்கு உண்டு. 1900 டிசம்பரில் அயோவா மாநிலத்தில் ஜான் ஹொசாக் என்ற விவசாயி தூங்கும்போது கொல்லப்பட்டார். மனைவி மார்கரெட் மீது வழக்கு நடந்தது. கிளாஸ்பெல் அப்போது டெஸ் மொய்ன்ஸ் நகரத்துப் பத்திரிகை ஒன்றின் நிருபராக அந்த வழக்கைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். ஜூரியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள், பெண்கள் அங்கே ஜூரியாக உட்கார முடியாத காலம். அந்த வழக்கில் கொலை ஆயுதம் கோடரி. பதினாறு வருடம் கழித்துப் புனைவாக எழுதும்போது கோடரியைக் கயிறாக மாற்றியிருக்கிறார். ஏன் என்று ஒரு மாலை முழுக்க யோசித்தேன். கோடரியாக இருந்தால் குருவியின் கழுத்துக்கும் அவன் கழுத்துக்கும் தொடர்பே இல்லை. போர்வையை மின்னி தையல் ஓட்டி முடிப்பதாக இல்லை, அந்த இன்னொரு முறைக்கு என்ன பெயர் என்று வக்கீல் கிண்டலாகக் கேட்க, முடிச்சுப் போடுவது என்று மார்த்தா பதில் சொல்வதோடு கதை முடிகிறது. கோடரி இருந்திருந்தால் அந்த வார்த்தைக்குக் கனமே வந்திருக்காது. நிஜச் சம்பவத்தை வைத்து எழுதிய கதை கையில் கிடைத்தால், நிஜத்திலிருந்து என்ன மாறியிருக்கிறது என்று தேடுங்கள். எழுத்தாளருக்கு எது தேவைப்பட்டது என்பது அங்கே தெரியும்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். முடிச்சு என்றவுடன் எனக்கு மூன்று முடிச்சு ஞாபகம் வந்துவிட்டது. தாலி, கயிறு, கழுத்து என்று ஒரு பக்கம் ஆவேசமாக எழுதி அசைன்மென்ட்டில் வைத்தேன். சார் அந்தப் பக்கத்தின் ஓரத்தில், “இது உன் கதை, அவள் கதை எங்கே?” என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அயோவா பண்ணை வீட்டுப் பெண்ணுக்குத் தாலி கிடையாது. எனக்கு அப்படித் தோன்றியதில் குற்றமில்லை, அதைக் கிளாஸ்பெல்லின் தலையில் கட்டினதுதான் குற்றம்.

ஹெமிங்வேயிடம் வந்தபோது அந்த ஓரக்குறிப்பு உதவியது. ‘ஹில்ஸ் லைக் ஒயிட் எலிஃபண்ட்ஸ்’ 1927-இல் வந்தது. ஸ்பெயினில் எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு ரயில் நிலையம், பார்சிலோனாவிலிருந்து மாட்ரிட் போகும் எக்ஸ்பிரஸ் வர நாற்பது நிமிடம் இருக்கிறது. ஓர் அமெரிக்கனும் ஜிக் என்ற பெண்ணும் பீர் குடித்துக்கொண்டு பேசுகிறார்கள். அவள் ஒரு ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வேண்டும் என்பது அவன் விருப்பம். கருக்கலைப்பு என்ற சொல் கதையில் ஒரு தடவைகூட வராது. தூரத்துக் குன்றுகள் வெள்ளை யானை மாதிரி இருக்கின்றன என்கிறாள் அவள். நமக்கு வெள்ளை யானை என்றால் ஐராவதம், இந்திரனின் வாகனம், மங்கலம். ஆங்கிலத்தில் அது வைத்திருக்கவும் முடியாத, தள்ளவும் முடியாத, செலவு வைக்கிற பொருளுக்குப் பெயர். இந்த ஒன்று தெரியாவிட்டால் தலைப்பே கைக்கு வராது. அகராதியைப் பார்க்கச் சோம்பல்படக் கூடாத இடம் இது. பிறகு கதைக்குள் பார்த்தால், அவனுக்குத்தான் அது சுமை. அவள் அந்தக் குன்றுகளை முதலில் அழகாகத்தான் பார்த்தாள். ஒரே சொல்லின் இரண்டு பக்கத்திலும் ஆளுக்கொருவராக நிற்கிறார்கள்.

இந்தக் கதையில் வர்ணனை கொஞ்சம், பேச்சுதான் எல்லாம். வெறுமனே படித்தபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் அவன் பேச்சு, வலப்பக்கம் அவள் பேச்சு என்று பிரித்து எழுதினேன். அரைமணி நேர வேலை. எழுதி முடித்துப் பார்த்தால், இடப்பக்கத்தில் ‘ரொம்பச் சுலபம்’, ‘உனக்கு வேண்டாம்னா வேண்டாம்’ இரண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. வலப்பக்கத்தில் கேள்விகள் வந்துகொண்டே இருந்து, பிறகு குறைந்து, கடைசியில் ‘பேச்சை நிறுத்து’ என்று கெஞ்சுகிறாள். ஒரே வாக்கியத்தில் ‘ப்ளீஸ்’ ஏழு முறை. முரண் எப்படி இறுகுகிறது என்பதை எந்த விமர்சனக் கட்டுரையும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. உரையாடல் அதிகமுள்ள எந்தக் கதைக்கும் இதைச் செய்து பார்க்கலாம்.

இடையில் அவள் எழுந்து பிளாட்பாரத்தின் கோடிவரை நடக்கிறாள். இந்தப் பக்கம் மரமே இல்லாத காய்ந்த நிலம், அந்தப் பக்கம் தானிய வயலும் ஆற்றோர மரங்களும். வயலின் மேல் ஒரு மேக நிழல் நகர்ந்து போகிறது. இதை அவள் பார்க்கிறாள், அவன் அவளை நிழலுக்குத் திரும்பி வரச் சொல்கிறான். நிலக்காட்சி குறியீடு என்று எழுதும்போது, அதைப் பார்க்கிறவர் யார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று இப்போது பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

ஆமாம், இப்போது நானே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். விடைத்தாள்களில் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற வரி ‘மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான முரண்’ என்பது. ஜாக் லண்டனின் ‘டு பில்ட் எ ஃபயர்’ வந்தால் அத்தனை பேரும் இதைத்தான் எழுதுவார்கள். கனடாவின் யூகானில் மைனஸ் 75 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் ஒருவன் நாயோடு நடந்து போகிறான், கடைசியில் உறைந்து சாகிறான். இயற்கை அவனிடம் சண்டைக்கு வரவே இல்லை. மைனஸ் 50-க்குக் கீழே போனால் யாரும் தனியாகப் பயணம் போகக் கூடாது என்று அனுபவஸ்தர் ஒருவர் சொல்லியிருந்தார், இவன் அதைக் கேட்டுச் சிரித்தான். பனி சுமந்த மரத்தடியில் நெருப்பு மூட்டுகிறான். கிளையிலிருந்து பனி சரிந்து நெருப்பை அணைக்கிறது. 1902-இல் லண்டன் இதே தலைப்பில் எழுதிய முதல் வடிவத்தில் அந்த ஆளுக்கு டாம் வின்சென்ட் என்று பெயர் உண்டு, அவன் பிழைத்துக்கொள்கிறான், நாய் கிடையாது. 1908 வடிவத்தில் பெயர் போய்விட்டது, உயிரும் போய்விட்டது, நாய் வந்துவிட்டது. கொடுங்குளிர் இரண்டிலும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பு நடத்தினேன். அதற்கப்புறம் ஒரு பையன், “தன் உடம்பு சொல்றத நாய் கேட்குது, அவன் கேட்கல” என்று எழுதியிருந்தான். முழு மதிப்பெண் போட்டேன்.

பிள்ளைகளிடம் முதல் வாசிப்புக்குப் பென்சிலையே எடுக்க வேண்டாம் என்கிறேன். இரண்டாவது தடவை, ஒரு தடவைக்கு மேல் வருகிற பொருளை மட்டும் வட்டமிடச் சொல்கிறேன். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் யார் கையில் இருக்கிறது, போன தடவை இருந்ததற்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு சொல். ‘குறிக்கிறது’ என்ற வினைச்சொல்லை முதல் பக்கத்தில் பயன்படுத்தவே கூடாது. அந்தச் சொல்லைத் தடுத்தால் வேறு வழியில்லாமல் கதையைப் பார்த்து எழுதத் தொடங்குகிறார்கள்.

போன மாதம் கிளாஸ்பெல்லின் கதையை மறுபடி நடத்தினேன். கடைசிக் காட்சி. ஆண்கள் பக்கத்து அறைக்குப் போயிருக்கிறார்கள். மிஸஸ் பீட்டர்ஸ் அந்தப் பெட்டியை எடுத்துத் தன் கைப்பையில் திணிக்கப் பார்க்கிறாள், கொள்ளவில்லை. பெட்டியைத் திறந்து பறவையை மட்டுமாவது எடுத்து மறைக்கப் பார்க்கிறாள், அதைத் தொட அவளால் முடியவில்லை. மார்த்தா பிடுங்கித் தன் பெரிய கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். கடைசி பெஞ்சில் இருந்து, வருடம் முழுக்க வாயே திறக்காத ஒரு பெண் எழுந்தாள்.

“மேம், மிஸஸ் பீட்டர்ஸ் ஏன் அதைத் தொடல? மறைக்கணும்னுதானே எடுத்தாங்க?”

“நீயே சொல்லு, எந்த வரியில இருந்து யோசிச்ச?”

அவள் இரண்டு பக்கம் பின்னால் திருப்பினாள். சின்ன வயதில் ஒரு பையன் தன் பூனைக்குட்டியைக் கண்ணெதிரே கோடரியால் வெட்டினதை மிஸஸ் பீட்டர்ஸ் சொல்கிற இடம். யாரும் பிடித்து நிறுத்தாமல் இருந்திருந்தால் அவனை என்ன செய்திருப்பேனோ என்று சொல்லவந்து, பாதியில் தயங்கிச் சன்னமாக முடிக்கிறாள்.

“இது வெறும் குருவி இல்ல மேம் அவங்களுக்கு. அந்தப் பூனைக்குட்டியும் இதுல இருக்கு” என்றாள்.

பென்சிலால் அந்தப் பூனைக்குட்டியைச் சுற்றி அவள் போட்டிருந்த வட்டம் நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.